வி.பி.என். போட்டால் வீட்டு அந்தரங்கம் காக்கப்படுமா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அதிலும், நம் விவரங்களைச் சேகரித்து வைத்திருக்கும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது, 2027 மே வரை நாம் காத்திருக்க வேண்டும். அரசுத் துறைகளுக்கு அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தந்திருக்கும் விலக்குகள் தனிக் கதை.

இன்னொரு பக்கம், 2025 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் உத்தரவுப்படி கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் செயலி உள்ளிட்ட சில வி.பி.என். செயலிகள் ஆப்பிள், கூகுள் ஆகியவற்றின் செயலிக் கடைகளிலிருந்து இந்தியாவில் நீக்கப்பட்டன. அதே வேளையில், யூடியூபைத் திறந்தால் "எங்கள் வி.பி.என்.-ஐப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் உங்களைப் பார்க்க முடியாது" என்று விளம்பரங்கள் அழைக்கின்றன.

பாதுகாக்க வேண்டிய சட்டம் இன்னும் முழுமையாக வரவில்லை. காப்பதாகச் சொல்லும் கருவியின் மீதோ அரசுக்குச் சந்தேகம். இந்த இடைவெளியில் ஒரு சாதாரணக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பெருநகரத்து ஐ.டி. ஊழியரை வைத்துப் பேசுவதை விட, ஆரணி போன்ற ஊரை வைத்துப் பேசுவதே பொருத்தம். திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்தப் பட்டு நகரிலும், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் எனச் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் தறி இருக்கும் இடமே வீடு. வீடே தொழிற்கூடம், வீடே கடை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இன்று வாட்ஸ்அப் வழியாகவும் விலை பேசப்படுகிறது. சேலையின் படம், வாங்குபவரின் முகவரி, பணம் செலுத்திய ஸ்கிரீன்ஷாட், ஆதார் நகல், மகளின் கல்லூரி விண்ணப்பம், வளைகுடாவிலிருக்கும் மகனோடு பேசும் வீடியோ அழைப்பு - எல்லாம் ஒரே கைப்பேசியில், ஒரே வைஃபை இணைப்பில். அந்த இணைப்பு கசிந்தால் குடும்பத்தின் மானமும் கசியும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் கசியும்.

வி.பி.என். உண்மையில் என்ன செய்கிறது?

வீட்டில் இணையத்தைத் திறந்ததும் நம் கோரிக்கை முதலில் இணைப்புக் கொடுத்தவரிடம் போகிறது. அது பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனமாக இருக்கலாம். ஊரிலுள்ள கேபிள் ஆபரேட்டராகவும் இருக்கலாம். இன்று பெரும்பாலான இணையதளங்கள் முகவரியில் பூட்டுச் சின்னம் காட்டும் குறியாக்க முறையில் இயங்குகின்றன. எனவே, நாம் என்ன எழுதினோம், என்ன கடவுச்சொல் கொடுத்தோம் என்பதை இடையில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால், எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்குப் போனோம் என்பதை அவரால் பெரும்பாலும் அறிய முடியும்.

கடிதத்தின் உள்ளே இருப்பது தெரியாது. உறையின் மேல் உள்ள முகவரி தெரியும். மருத்துவத் தளமா, வட்டிக் கடன் தளமா, அரசியல் செய்தித் தளமா என்பது அந்த முகவரியிலேயே தெரிந்துவிடும்.

வி.பி.என். செயலி அந்த உறையை இன்னொரு உறைக்குள் போட்டு, தன் சர்வருக்கு அனுப்புகிறது. இணைப்புக் கொடுத்தவருக்கு வி.பி.என். நிறுவனத்தின் முகவரி மட்டுமே தெரியும். நாம் போகும் இணையதளத்துக்கு நம் வீட்டு ஐ.பி. முகவரிக்குப் பதில் அந்த சர்வரின் முகவரி தெரியும். இவ்வளவுதான் அதன் வேலை.

அப்படியானால் உள்ளுறையின் முகவரியை இப்போது யார் பார்க்கிறார்? வி.பி.என். நிறுவனம் பார்க்கிறது. நேற்றுவரை கேபிள்காரருக்குத் தெரிந்தது, இன்று எங்கோ ஒரு நாட்டில் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்துக்குத் தெரியும். வி.பி.என். நம் அந்தரங்கத்தை மறைப்பதில்லை. அதை வேறொருவர் கையில் அமானிதமாக ஒப்படைக்கிறது. எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த வி.பி.என். வேகமானது?" என்பதல்ல. "இந்த அமானிதத்தை வாங்கிக்கொள்பவர் யார்?" என்பதுதான்.

தொழுகை நேரச் செயலி கற்றுத் தந்த பாடம்

நம் சமுதாயத்தின் டிஜிட்டல் அந்தரங்கம் எங்கே உடைந்தது என்று பார்த்தால், வி.பி.என்.-இன் எல்லை புரியும்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. உலகம் முழுவதும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் ப்ரோ' செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்கு அனுப்பியது. எக்ஸ்-மோடின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்களும் இருந்தனர். கண்டனம் எழுந்ததும் அந்த உறவை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. 2021 ஜனவரியில் 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற தொழுகைச் செயலி பற்றியும் இதே போன்ற செய்தி வந்தது. எக்ஸ்-மோட் பின்னர் அவுட்லாஜிக் என்று பெயர் மாறியது. வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் செல்பவர்களின் இருப்பிட விவரங்களை அது விற்கக்கூடாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பயனர்கள் உலகின் மிகச் சிறந்த வி.பி.என்.-ஐப் போட்டிருந்தாலும் இந்தக் கசிவு நின்றிருக்காது. ஏனெனில் இருப்பிடத்தைக் கொடுத்தது ஐ.பி. முகவரி அல்ல, கைப்பேசியின் ஜி.பி.எஸ். அதைக் கேட்டபோது 'அனுமதி' என்று அழுத்தியது பயனரின் விரல். கிப்லாவும் தொழுகை நேரமும் அறிய அவர் கொடுத்த அனுமதி, வியாபாரச் சரக்காக மாறியது.

வேறு நிகழ்வுகளும் இதையே சொல்கின்றன. 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரி 1 அன்று 'புல்லி பாய்' என்ற பெயர்களில் முஸ்லிம் பெண்களை ஏலம் விடுவதாகக் காட்டிய இழிசெயல்களுக்குப் பயன்பட்டவை, சமூக ஊடகங்களில் ஏற்கனவே வெளிப்படையாக இருந்த படங்கள். 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் 3 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்ததாகவும், மருத்துவ ஆவணங்கள் உட்பட அவை டெலிகிராம் வழியே கிடைத்ததாகவும் செய்தி வெளியானது. அது நிறுவனத்திடம் இருந்த தரவு. நம் வீட்டு இணைப்பில் பூட்டுப் போட்டு அதைக் காத்திருக்க முடியாது.

எனவே "வி.பி.என். போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை" என்பது தவறான நிம்மதி. ஃபேஸ்புக்கில் சொந்தப் பெயரில் உள்நுழைந்துவிட்டு வி.பி.என். போட்டால், ஃபேஸ்புக்குக்கு நாம் யார் என்பது தெரியாமல் போகுமா?

இலவசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்?

ஊர்களில் அதிகம் புழங்குபவை இலவச வி.பி.என். செயலிகளே. சர்வர் வாடகைக்கும் இணைய அலைவரிசைக்கும் மாதந்தோறும் பணம் செலவாகும் தொழில் இது. அதை இலவசமாகத் தருபவர் வேறு எங்கிருந்தோ வருமானம் எடுக்கிறார் என்பதே பொருள்.

ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2016இல் 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைச் சோதித்தனர். 75 சதவீதச் செயலிகளில் பயனரைப் பின்தொடரும் வெளி நிறுவனங்களின் நிரல்கள் இருந்தன. 38 சதவீதத்தில் தீநிரல் அறிகுறிகள் தென்பட்டன. 18 சதவீதம் தகவலைக் குறியாக்கம் செய்யாமலே அனுப்பின. பூட்டுக் கடையில் வாங்கிய பூட்டுகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட நாக்கே இல்லை என்பது போன்ற நிலை இது.

ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய 'ஒனாவோ' என்ற இலவச வி.பி.என்., பாதுகாப்புக் கருவி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. மக்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதை அது சேகரித்து ஃபேஸ்புக்கின் வியாபாரத்துக்குக் கொடுத்தது. 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதைவிட அபாயகரமான வகை ஒன்று உண்டு. 'ஹோலா' என்ற இலவச வி.பி.என்., தன் பயனர்களின் வீட்டு இணைப்பையே மற்றவர்களுக்கு வழியாக விற்றது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற குற்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., ஷைன் வி.பி.என். போன்ற இலவசச் செயலிகள் மூலம் அது கணினிகளுக்குள் புகுந்திருந்தது. ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐ.பி. முகவரிகள் அதன் பிடியில் இருந்தன. பணமோசடி, வெடிகுண்டு மிரட்டல், சிறார் பாலியல் சுரண்டல் போன்ற குற்றங்களைச் செய்பவர்கள், அந்த அப்பாவிகளின் வீட்டு முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து யோசிப்போம். எங்கோ ஒருவன் செய்யும் மிரட்டல், ஆரணியில் ஒரு தறிவீட்டின் இணைப்பு வழியாக வெளியே போகிறது. காவல்துறை ஐ.பி. முகவரியைப் பிடித்து வந்தால் முதலில் நிற்பது அந்த வீட்டு வாசலில். பிறகு நிரபராதி என்று நிரூபிக்கலாம். ஆனால் கைப்பேசியும் கணினியும் கைப்பற்றப்பட்டு, ஊரார் முன் தலைகுனிந்து, வழக்கறிஞரைத் தேடி அலைந்த பிறகுதான் அது நடக்கும். சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும் ஒரு சமுதாயத்துக்கு இந்த ஆபத்து மற்றவர்களை விடக் கூடுதல். அந்தரங்கத்துக்காகப் போட்ட இலவசச் செயலி, நம் வீட்டை இன்னொருவனின் முகமூடியாக்கிவிடக் கூடாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

வி.பி.என். பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. தமிழ்நாட்டில் தடையும் இல்லை. ஆனால், அதை வழங்கும் நிறுவனங்கள் மீது நெருக்கடி உண்டு.

2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓர் உத்தரவு பிறப்பித்தது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுக்கப்பட்ட ஐ.பி. முகவரிகள், எதற்காகப் பயன்படுத்துகிறார் என்ற விவரம் வரை சேகரித்து, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இதில் விலக்கு உண்டு. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என்., புரோட்டான் வி.பி.என். ஆகியவை ஒவ்வொன்றாக இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. இன்று அவற்றில் சில 'இந்தியா' என்று காட்டும் சர்வர், உண்மையில் சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டில் இருக்கலாம்.

குற்றவாளியைப் பிடிக்க அரசுக்கு வழி வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மீறாத அளவு வேண்டும். கோடிக்கணக்கான நிரபராதிகளின் விவரங்களை ஐந்தாண்டு சேமித்து வைப்பது இந்த அளவுக்குள் அடங்குமா என்ற கேள்வி நியாயமானது.

காஷ்மீர் இதன் கடுமையான முகத்தைக் கண்டது. 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம், 2020 ஜனவரியில் 2ஜி வேகத்தில், அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும் திரும்பியது. மக்கள் வி.பி.என். வழியே சமூக ஊடகங்களை அணுகினார்கள். 2020 பிப்ரவரியில் ஸ்ரீநகர் சைபர் காவல்துறை, வி.பி.என். மூலம் சமூக ஊடகங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஊபா சட்டத்தின் கீழ் வழக்குப் பதிந்தது. 2025 மே மாதத்தில் தோடா மாவட்டத்தில் வி.பி.என். பயன்பாட்டுக்கே தடை உத்தரவு போடப்பட்டது. நாட்டின் ஒரு மூலையில் சாதாரணமாக இருப்பது இன்னொரு மூலையில் குற்றமாகலாம். காஷ்மீருக்குப் பயணம் செல்வோரும் அங்கே படிக்கும் மாணவர்களும் அந்த மாவட்டத்தின் நடப்பு உத்தரவை அறிந்து நடப்பது அவசியம்.

வளைகுடா அழைப்பும் 20 லட்சம் திர்ஹமும்

நம் குடும்பங்களில் வி.பி.என். என்ற சொல் அதிகம் புழங்குவது இந்த இடத்தில்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகள் முடக்கப்பட்டுள்ளன. "வி.பி.என். போட்டுப் பேசு மகனே" என்று இங்கிருந்து சொல்கிறோம்.

இங்கே வீட்டில் போடுவதால் பயனில்லை, தடை இருப்பது அந்த முனையில். அந்த முனையில் போடுவதோ சட்டச் சிக்கல். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் இணையக் குற்றச் சட்டம், குற்றம் செய்வதற்காகவோ அது கண்டுபிடிக்கப்படாமல் இருக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றி ஏய்ப்பதற்குச் சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. அலுவலக வேலைக்கு நிறுவனம் கொடுக்கும் வி.பி.என். வேறு. தடை செய்யப்பட்ட சேவையைத் திறக்கச் சொந்தமாகப் போடுவது வேறு. மாதச் சம்பளத்தை எண்ணி அனுப்பும் பிள்ளையை அந்த ஆபத்தில் தள்ளுவது புத்திசாலித்தனமா? போட்டிம் போன்ற, அங்கே அனுமதி பெற்ற அழைப்புச் செயலிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. ஒரு நாட்டில் விசா பெற்று நுழைவது அந்நாட்டோடு செய்யும் ஒப்பந்தம் என்பதையும் நாம் மறக்கலாகாது.

தேவை என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வி.பி.என். பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ரயில் நிலையம், விடுதி, உம்ரா பயணத் தங்குமிடம் போன்ற பொது வைஃபைகளில் அது நல்ல பாதுகாப்பு. உள்ளூர் இணைப்புக்காரர் நம் பழக்கங்களை அறியக்கூடாது என்று நினைப்பவருக்கும் அது பயன்படும். செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள், களப்பணியாளர்களுக்கு அது தேவையே. அப்படித் தேவைப்படுவோர் பின்வருவனவற்றைப் பார்க்கட்டும்.

உரிமையாளர் யார்? செயலியின் பெயரை அல்ல, அதற்குப் பின்னுள்ள நிறுவனத்தைத் தேடுங்கள். முகவரியும் பொறுப்பாளர் பெயரும் இல்லாத செயலி வேண்டாம். நல்ல பெயர் எடுத்த நிறுவனமும் கை மாறும். 2021இல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்.-ஐ கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த கேப், முன்பு கிராஸ்ரைடர் என்ற பெயரில் இருந்தபோது அதன் மென்பொருள் தளம் விளம்பரத் தீநிரல்களோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது.

'பதிவு வைப்பதில்லை' என்ற வாக்குறுதி சோதிக்கப்பட்டதா? எல்லோரும் அப்படித்தான் விளம்பரம் செய்கிறார்கள். 2017இல் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த பியூர் வி.பி.என்.-இன் பதிவுகள், அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. ஒரு குற்றவாளியைப் பிடிக்க உதவின. பிடிபட்டவன் குற்றவாளி என்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் விளம்பரம் பொய்யானது. மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் காவல்துறை முல்வாட் வி.பி.என். அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு சென்று, வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. வெளித் தணிக்கை அறிக்கை, நீதிமன்ற அனுபவம் - இவையே சாட்சிகள்.

வருமானம் எங்கிருந்து? கட்டணம் வாங்குபவரிடம் குறைந்தபட்சம் வருமான வழி தெளிவு. முல்வாட் மாதம் 5 யூரோ, அதாவது ஏறத்தாழ 500 ரூபாய் வாங்குகிறது. இலவசமே வேண்டுமென்றால், புரோட்டான் போல கட்டண வாடிக்கையாளரின் பணத்தில் இலவசத் திட்டம் நடத்தும், விளம்பரமற்ற நிறுவனத்தைப் பார்க்கலாம். நாம் எவருக்கும் விளம்பரம் செய்யவில்லை. அளவுகோலுக்கு உதாரணம் காட்டுகிறோம்.

என்ன அனுமதி கேட்கிறது? தொடர்பு எண்கள், எஸ்.எம்.எஸ்., படங்கள், மைக் ஆகியவை வி.பி.என்.-க்குத் தேவையே இல்லை. கேட்டால் அன்றே நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏ.பி.கே. கோப்பு வழியே நிறுவாதீர்கள்.

நுட்ப அமைப்பு. வயர்கார்டு, ஓப்பன்வி.பி.என். ஆகியவை எல்லோரும் ஆராயத் திறந்து வைக்கப்பட்ட முறைகள், அவை இருப்பது நல்லது. வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' இருக்க வேண்டும். வங்கி, யு.பி.ஐ. செயலிகள் சில வெளிநாட்டு சர்வரைக் கண்டதும் மறுக்கும். அவற்றை மட்டும் வி.பி.என்.-க்கு வெளியே வைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு.

செலவில்லாமல் வீட்டில் செய்ய வேண்டியவை

பெரும்பாலான குடும்பங்களுக்கு வி.பி.என்.-ஐ விட இவை முந்தியவை.

வைஃபை ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். சேலை பார்க்க வரும் வியாபாரிக்கும் அண்டை வீட்டுக்கும் வீட்டுக் கடவுச்சொல்லைச் சொல்லாமல், 'கெஸ்ட்' இணைப்பைத் தனியே கொடுங்கள். அந்த இணைப்பில் எவர் என்ன செய்தாலும் பெயர் உங்களுடையது.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்பில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற வசதி இருக்கிறது. அதை இயக்கினால், எந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்பது இணைப்புக்காரருக்கு ஓரளவு மறையும். இதற்குக் காசு வேண்டாம்.

செயலிகளுக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை இன்றே பாருங்கள். ஆரணிக்குத் தொழுகை நேரம் அறிய ஊரின் பெயர் போதும், வீட்டின் கதவு எண் தேவையில்லை. செயலியில் ஊரை நாமே தேர்வு செய்துவிட்டு ஜி.பி.எஸ். அனுமதியை நீக்கலாம். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கால அட்டவணை யாருக்கும் எதையும் விற்பதில்லை.

வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். திருமண அழைப்பிதழ் என்று வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடாதீர்கள். ஆதார் நகல் கேட்டால் எண்ணின் பெரும்பகுதி மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். கைரேகைப் பூட்டை ஆதார் செயலியில் போட்டு வையுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகளின் கைப்பேசியில் பெற்றோருக்குத் தெரியாமல் வி.பி.என். இருந்தால், அதட்டுவதற்கு முன் எதற்கு என்று கேளுங்கள். சூதாட்டச் செயலிகளும் ஆபாசத் தளங்களும் அந்த வழியே வீட்டுக்குள் வருகின்றன. கேபிள்காரரிடமிருந்து மறைக்கலாம், பெற்றோரிடமிருந்து மறைக்கலாம். அல்லாஹ்விடமிருந்து மறைக்க எந்தச் செயலியும் இல்லை என்பதைச் சொல்லி வளர்ப்பதே நிலையான பாதுகாப்பு.

நம் கையிலும் அமானிதம் இருக்கிறது

பிறர் நம் விவரங்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்று மட்டும் பேசிவிட்டு முடிக்க முடியாது. ஒரு சேலையை வாட்ஸ்அப்பில் விற்கும் குடும்பத்திடம் நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் இருக்கின்றன. விளம்பரத்துக்காக வாடிக்கையாளர் சேலை உடுத்திய படத்தைக் கேட்காமலே ஸ்டேட்டஸில் வைக்கிறோம். புதிய தரவுச் சட்டம் சொந்த, வீட்டுத் தேவைக்கு விலக்குத் தருகிறது. வீட்டில் நடக்கிறது என்பதாலேயே வியாபாரத்துக்கும் அந்த விலக்கு பொருந்தும் என்று எண்ணிக்கொள்ள முடியாது. ஜகாத், ஃபித்ரா பெறுவோர் பட்டியலையும் மணமகள் விவரங்களையும் பெரிய குழுக்களில் பகிரும் ஜமாஅத்துகளும் இதை யோசிக்க வேண்டும். வறுமையை வெளியே சொல்லாமல் மானத்தோடு வாழும் ஒரு குடும்பத்தின் பெயர், ஐநூறு பேர் உள்ள குழுவில் வருவது எவ்வளவு பெரிய காயம்!

மார்க்கம் இதில் தெளிவானது. பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைத் திருக்குர்ஆன் 49:12 தடுக்கிறது. பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையக் கூடாது என்று 24:27 கற்பிக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு 4:58 கட்டளையிடுகிறது. தம் அறையைத் துவாரம் வழியே எட்டிப் பார்த்தவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்து, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையை முன்னிட்டுத்தான் வந்தது என்று உணர்த்திய செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. கதவின் துவாரம் இன்று கைப்பேசியின் திரைக்குள் வந்திருக்கிறது. அதன் வழியே பார்ப்பவர் அரசானாலும், நிறுவனமானாலும், நாமே ஆனாலும் சட்டம் ஒன்றுதான்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மக்களின் கைப்பேசியில் தேவையற்ற அனுமதிகளை நீக்கவும், சந்தேகத்துக்குரிய இலவச வி.பி.என்.களைக் களையவும் அவர்கள் உதவலாம். பெண்களுக்குப் பெண்களே சொல்லித் தரும் ஏற்பாடும் வேண்டும். அதே வேளையில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடாதபடி, அரசுத் துறைகளுக்கு அளிக்கப்பட்ட விலக்குகளைக் கேள்வி கேட்கும் குரலோடு நாமும் சேர வேண்டும். செயலியைத் தேர்ந்தெடுப்பது தனிநபர் வேலை. சட்டத்தைச் சீராக்குவது சமுதாயத்தின் வேலை. இரண்டையும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.